வீட்டை விற்றுத்தான் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டுமா? இங்கிலாந்தின் பராமரிப்புச் செலவு: கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்கு மறதி நோய். கேர் ஹோமில் (பராமரிப்பு இல்லத்தில்) சேர்க்க லண்டன் வீட்டை விற்க வேண்டுமாமே, அக்கா? அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸில் எல்லாம் இலவசம் என்றுதானே இருந்தோம்?

பதில்: இலவசம் மருத்துவத்துக்குத்தான், தம்பி. குளிப்பாட்டுவது, ஊட்டுவது பெரும்பாலும் கவுன்சில் என்னும் உள்ளூராட்சியின் பொறுப்பு; அது வசதி பார்த்துத்தான் உதவும். சொத்தும் சேமிப்பும் 23,250 பவுண்டைத் தாண்டினால் முழுச் செலவும் குடும்பத்தின் தலையில். 2010-லிருந்து இந்த வரம்பை உயர்த்தவே இல்லை. புற்றுநோய் வந்தவருக்கு அரசு பார்க்கிறது, மறதி நோய் வந்தவர் வீட்டை இழக்கிறார். இது எந்த ஊர் நியாயம்?

ஆனால் அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். அப்பா அங்கே குடியிருந்தால் வீடு கணக்கிலேயே வராது. 60 வயதைத் தாண்டிய நெருங்கிய உறவினர் இருந்தாலும் அப்படித்தான். யாரும் இல்லையென்றால் 'டிஃபர்ட் பேமெண்ட்' கேளுங்கள். கவுன்சில் இப்போது கட்டும்; வீடு பின்னால் விற்கும்போது வட்டியோடு எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: செலவுக்கு உச்ச வரம்பு வரும் என்றார்களே?

பதில்: 2011-இல் பொருளாதார நிபுணர் டில்னாட் தலைமையிலான அரசுக் குழு பரிந்துரைத்தது: வாழ்நாளுக்கு 35,000 பவுண்ட் போல ஒரு தொகை வரை நாம் கட்ட வேண்டும், அதற்குமேல் அரசு. 2014-இல் சட்டமே வந்தது. 72,000 என்றார்கள், தள்ளிப்போட்டார்கள். 2021-இல் அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சன் 86,000 என்றார், அதற்காகச் சம்பளத்தில் பிடிக்கும் நேஷனல் இன்சூரன்ஸையும் ஏற்றினார். அடுத்த வருடமே அந்த ஏற்றம் ரத்து. 2024 ஜூலையில் நிதியமைச்சராக இருந்த ரேச்சல் ரீவ்ஸ் திட்டத்தையே கைவிட்டார். இதை ஆராய லூயிஸ் கேசி என்பவர் தலைமையில் ஆணையம் அமைத்தார்கள். இறுதி அறிக்கைக்குக் கெடு 2028.

யார் பணம் கட்டுவது என்ற இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் சறுக்குகிறார்கள். ஜப்பான் 2000-லிருந்தே 40 வயதைத் தாண்டிய எல்லோரிடமும் பிரீமியம் வாங்கி, பாதிக்கு வரிப்பணத்தைப் போட்டு, முதியோர் பராமரிப்புக் காப்பீட்டை நடத்துகிறது. இங்கேயும் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் கட்டத்தான் வேண்டும் என்பது என் எண்ணம்.

கேள்வி: ஸ்காட்லாந்தில் இலவசமா?

பதில்: உடல் பராமரிப்பு மட்டும், 2002-லிருந்து. ஹோமில் தங்கவும் சாப்பிடவும் பணம் கட்ட வேண்டும்.

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது, பிறவியிலேயே நடக்க முடியாது. வீடும் இல்லை, சேமிப்பும் இல்லை. எல்லோரும் வீட்டைப் பற்றியே பேசுகிறீர்கள்.

பதில்: சரியாகக் கேட்டீர்கள், அண்ணா. அவரைப் போல ஊனத்தோடு வளர்ந்து பெரியவர்களானோருக்கு வசதி பார்க்காமல் இலவசமாகத் தர வேண்டும் என்று டில்னாட் சொன்னார். அதை யாரும் செய்யவில்லை. அவர் வாங்கும் உதவித்தொகையிலிருந்தே கவுன்சில் கட்டணம் கேட்கலாம். கூடுதல் ஹீட்டிங், சலவை, தனிச் சாப்பாடு என்று ஊனத்தால் ஆகும் செலவை அந்தக் கணக்கில் கழிக்கச் சொல்லுங்கள். பில்களை எடுத்து வையுங்கள். கணக்கு தப்பாக இருந்தால் மறுபரிசீலனை கேட்கலாம்.