கணினி வரைகலையில் ஒளியை ஆராய்ச்சி செய்தால் எதிர்காலம் உண்டா?

"செயற்கை நுண்ணறிவே படம் வரைந்து தரும் காலத்தில் ரெண்டரிங்கில் போய் யாராவது பிஎச்டி செய்வார்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள்" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. பதினைந்து வருடமாக இதே வேலையில், அதாவது ஒளி எப்படிப் பாயும் என்று கணக்கிட்டுக் கணினியில் படம் உருவாக்கும் ரெண்டரிங்கில் இருக்கிறேன், அந்தக் கேள்வியை வெவ்வேறு வடிவத்தில் கேட்டுக்கொண்டும் இருக்கிறேன்.

நீங்கள் கல்லூரியில் கடைசி வருடம், எங்கோ படித்துச் சின்னதாக ஒரு ரே ட்ரேசர் (ஒளிக்கதிர்களைப் பின்தொடர்ந்து படம் வரையும் நிரல்) எழுதி, கண்ணாடி உருண்டை ஒன்று திரையில் பளபளத்து வந்த இரவில் தூக்கத்தைத் தொலைத்தவர் என்று வைத்துக்கொள்கிறேன். நானும் அப்படித்தான் வந்தேன்.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். 1986ல் ஜேம்ஸ் கஜியா என்ற வரைகலை ஆய்வாளர் ஒரு சமன்பாடு எழுதினார். ஓர் இடத்திலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி, அந்த இடமே உமிழும் ஒளியும் மற்ற திசைகளிலிருந்து வந்து விழுந்து திரும்பும் ஒளியும் சேர்ந்தது. வந்து விழும் ஒளிக்கும் அதே சமன்பாடுதான், அதற்குள் மறுபடியும் அதே சமன்பாடு. பெரும்பாலான காட்சிகளுக்கு இதை நேரடியாகத் தீர்க்க வழியில்லை, அதனால் மான்டே கார்லோ முறையில் தற்செயலாகக் கதிர்களை அனுப்பிச் சராசரி எடுக்கிறோம். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு கதிர்கள் வேண்டும், பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு. எங்கள் துறையில் வந்த பேப்பர்களில் பெரும்பகுதி இந்தக் கணக்கோடு போட்ட சண்டைதான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். பிஎச்டி இரண்டாம் வருடம். ஒரே காட்சியை இரண்டு விதமாகக் கணக்கிடும் நிரல் எழுதியிருந்தேன். ஒன்று கேமராவிலிருந்து பின்னோக்கி விளக்கைத் தேடிப் போகும், இன்னொன்று விளக்கிலிருந்து முன்னோக்கிக் கேமராவை நோக்கி வரும். இரண்டும் ஒரே படத்தைத் தர வேண்டும். ஏழு மாதம் தந்தன. தண்ணீர்த் தொட்டி, கண்ணாடி டம்ளர், வைரம், எதை வைத்தாலும் பொருந்தியது. ஒருநாள் என் கைடு எட்டிப் பார்த்துவிட்டு, "விளக்கைத் தண்ணீருக்குள் வைத்துப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

தொட்டிக்கு அடியில் பெரிய சதுர விளக்கு ஒன்றை வைத்தேன். கூரையில் விழுந்த வெளிச்சம் இரண்டு படத்திலும் அழகாக இருந்தது, ஆனால் ஒன்று மற்றதைவிடப் பிரகாசம். பிக்சல் பிக்சலாக வகுத்துப் பார்த்தால் கூரையிலும் சுவரிலும் எங்கும் சராசரியாக 1.77. இரண்டு இல்லை, பை இல்லை, எனக்குத் தெரிந்த எந்த மாறிலியும் இல்லை. மூன்று வாரம், கதிர்களைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கும் பகுதியை வரி வரியாகக் கிளறினேன். அப்புறம் ஒரு ராத்திரி, வேறு வழி தெரியாமல், அந்த எண்ணுக்கு வர்க்கமூலம் போட்டேன். 1.33. தண்ணீரின் ஒளிவிலகல் எண்.

நடந்தது இதுதான். தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும்போது கதிர்கள் விரிகின்றன, அதனால் ஒரு திசையில் வரும் பிரகாசம் விலகல் எண்ணின் வர்க்கத்தால் வகுபட வேண்டும். கேமரா பக்கக் கணக்கில் இதைச் சேர்க்க வேண்டும், விளக்குப் பக்கத்தில் சேர்க்கக் கூடாது. நான் கேமரா பக்கத்திலும் சேர்க்காமல் விட்டிருந்தேன். என் பழைய காட்சிகளில் எல்லாம் ஒளி உள்ளே போய் வெளியே வந்துவிடும், பெருக்கலும் வகுத்தலும் ஒன்றையொன்று அடித்துவிடும், தப்பு வெளியே தெரியவே வாய்ப்பில்லை. ரெண்டரிங் ஆய்வாளர் எரிக் வீச்சின் 1997 ஆய்வேட்டில் இப்படிப்பட்ட விஷயங்களுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதைப் படித்தும் இருந்தேன்.

அந்தத் தப்பான படத்தை யாரிடம் காட்டியிருந்தாலும் அழகு என்றுதான் சொல்லியிருப்பார்கள். அழகு வேறு, சரி வேறு. 2013ல் லண்டனில் ஒரு கட்டடத்தின் வளைந்த கண்ணாடி முகப்பு வெயிலைக் குவித்து, தெருவில் நின்ற காரின் பாகங்களை உருக்கியது. கட்டுவதற்கு முன்னால் அதைத் தெரிந்துகொள்ள அழகான படம் உதவாது, ஒளியைச் சரியாகக் கணக்கிட்ட படம் வேண்டும். கார் முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யுமா என்பதும் அப்படியே.

நான் செயற்கை நுண்ணறிவுக்கு எதிரி என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். விளையாட்டுகளில் பிக்சலுக்கு ஒன்றிரண்டு கதிர்கள்தான் அனுப்ப முடிகிறது, மீதி இரைச்சலை நீக்குவதில் நரம்பு வலையமைப்புகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. நானும் தினமும் பயன்படுத்துகிறேன். 'வெறும் பட வேலை' என்பவர்களிடம்தான் எனக்கு வருத்தம். நட்சத்திர வளிமண்டலத்தில் ஒளி எப்படிப் பயணிக்கிறது என்று சுப்பிரமணியன் சந்திரசேகர் 1950ல் நூலாகத் தந்த கணக்கின் வழியில்தான் மூடுபனியையும் புகையையும் இன்றும் போடுகிறோம். பாட் ஹன்ரஹானும் எட் கேட்மல்லும் கணினி அறிவியலின் மிக உயரிய விருதான டூரிங் விருதை 2019க்கு வாங்கியதே முப்பரிமாண வரைகலைக்காகத்தான்.

வேலை கிடைக்குமா என்றால், கிடைக்கும், ஆனால் இடங்கள் குறைவு. பேராசிரியர் பதவி அதைவிடக் குறைவு. பட ஸ்டுடியோக்கள், ஜிபியு (வரைகலைச் சிப்) நிறுவனங்கள், விளையாட்டு எஞ்சின் குழுக்கள், இப்போது தானியங்கிக் கார்களுக்கான சென்சார் சிமுலேஷன். பிஎச்டி நடக்கும்போதே இரண்டு இன்டர்ன்ஷிப்பாவது போய்விடுங்கள்.

ஸ்டுடியோ என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். நான் இருந்த ஓர் இடத்தில் இரண்டு வருடம் உழைத்து, தோலுக்குள் ஒளி சிதறும் பகுதியைத் திருத்தி எழுதினோம். நாயகியின் காது மடல் வெயிலில் சிவந்து தெரியும் ஒரு காட்சி உண்டு, அது எங்கள் வேலை. படம் முடிந்து பெயர்கள் ஓடியபோது கடைசி வரை உட்கார்ந்திருந்தேன். எங்கள் குழுவில் மூன்று பேர் பெயர் இல்லை. படம் முடிவதற்குள் ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம், விதி அப்படியாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

அப்புறம், சேர்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் உங்கள் ரே ட்ரேசரில் ஒன்று செய்து பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஒளிரும் வெளியில், விழும் ஒளி முழுவதையும் திருப்பித் தரும் உருண்டை ஒன்றை வையுங்கள். கணக்கு சரியென்றால் உருண்டை பின்னணியில் கரைந்து காணாமலே போய்விடும். விளிம்பில் மெல்லிய வளையம் தெரிந்தால் எங்கோ ஒளி தொலைகிறது அல்லது கூடுகிறது. அந்த வளையத்தை அப்படியே விட்டுவிட்டு உங்களால் தூங்கப் போக முடிகிறதா என்று பாருங்கள்.