5,300 வெள்ளிக்கு எம்பிராய்டரி சாப்ட்வேர்: கூட்டு எடுத்து வாங்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். கணவர் செம்பனை ஆலையில் வேலை செய்கிறார், வயது 43. போன வருடம் பழைய ஒற்றை ஊசி எம்பிராய்டரி மெஷின் ஒன்று வாங்கினேன். ரவிக்கை, கோயில் சட்டை, பள்ளிச் சின்னம் என்று வேலை வருகிறது. படத்தைத் தையல் கோப்பாக மாற்ற வெளியில் கொடுக்கிறேன். ஒரு டிசைனுக்கு 25 வெள்ளி, மாதம் ஏழு டிசைன். அந்த சாப்ட்வேரை நானே வாங்கினால் வரியோடு 5,300 வெள்ளி ஆகிறது. 20 பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு 300 வெள்ளி கட்டும் கூட்டு (சீட்டு) ஒன்றில் இருக்கிறேன். இப்போதே எடுத்தால் 700 தள்ளி 5,300 கைக்கு வரும். இல்லையென்றால் கணவரின் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) மூன்றாம் கணக்கில் எடுக்கலாம் என்கிறார். எது நல்லது? 30 நாள் சோதனைப் பதிப்பில் நானே செய்து பார்த்த கோயில் சட்டையின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அன்புச் சகோதரி, இரண்டுமே இப்போது வேண்டாம். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

மாதம் ஏழு டிசைன், 25 வெள்ளி வீதம் 175 வெள்ளி. சாப்ட்வேர் வாங்கினால் உங்களுக்கு மிச்சமாவது இந்த 175தான். கூட்டு வழியாக வாங்கினால் அதன் உண்மை விலை 6,000. 175 வீதம் அதை மீட்க 34 மாதம் பிடிக்கும். கூட்டுக்கோ மாதம் 300 கட்டியாக வேண்டும். மீதி 125 வெள்ளி எங்கிருந்து வரும்? அடுப்படிச் செலவிலிருந்துதான். இன்னொன்றும் இருக்கிறது. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வது நம் மலேசியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கூட்டு நடத்தும் அக்கா எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நடுவில் ஏதாவது ஆனால் பணத்தைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு. தெரிந்தவர்கள் என்று நம்பிக் கட்டிய எத்தனையோ பேர் பணத்தை இழந்து நிற்பதைப் பார்த்த வேதனையில் சொல்கிறேன்.

இபிஎஃப் மூன்றாம் கணக்கில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது சரிதான். 2024 மே மாதம் தொடங்கிய அந்தக் கணக்கு அவசரத்துக்காக வந்தது. 2024க்கு இபிஎஃப் கொடுத்த லாப ஈவு 6.30 விழுக்காடு. ஆண்டுக்கு 6 விழுக்காடு என்றே வைத்துக்கொண்டாலும், இன்றைய 5,300 வெள்ளி உங்கள் கணவருக்கு 55 வயதாகும்போது ஏறக்குறைய இரட்டிப்பாகியிருக்கும். அவர் முதுமைக்கான பணம் அது. ஆஸ்பத்திரிச் செலவு, வேலை போவது போன்றவற்றுக்கு இருக்கட்டும்.

இப்போது உங்கள் படத்துக்கு வருகிறேன். நெஞ்சுப் பக்கத்தில் 'தண்டாயுதபாணி' என்று தைத்திருக்கிறீர்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். 'ண்' எழுத்தின் மூன்று சுழியும் நூலால் அடைபட்டு ஒரே கட்டியாகி விட்டன; மேல் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது; எழுத்தைச் சுற்றித் துணி சுருங்கியிருக்கிறது. இத்தனைக்கும் நீங்கள் சோதனையில் பயன்படுத்தியது அதே 5,300 வெள்ளி சாப்ட்வேரைத்தான்! படத்தைக் கொடுத்துத் 'தானியங்கி' பொத்தானை அழுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நூல் இறுகும்போது துணியை உள்ளே இழுக்கும். அதற்கு ஈடாக எழுத்தின் கோட்டை எவ்வளவு அகலப்படுத்துவது, மேல் தையலுக்கு முன் அடித்தையல் எப்படிப் போடுவது, டீ-சட்டைத் துணிக்கு எந்த அடித்தாள் வைப்பது, சிறிய எழுத்தில் சுழியை எவ்வளவு திறந்து விடுவது என்பதெல்லாம் பழகிப் பழகி வருகிற கைப்பழக்கம். வெளியில் கொடுக்கும் 25 வெள்ளி அந்தப் பழக்கத்துக்கான கூலி.

பழகுவதற்குப் பணம் வேண்டியதில்லை. இங்க்ஸ்டிட்ச் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. இங்க்ஸ்கேப் என்னும் இன்னோர் இலவச வரைகலை மென்பொருளோடு சேர்ந்து வேலை செய்யும். மெஷின்கள் படிக்கும் பிஇஎஸ், டிஎஸ்டி இரண்டு வகைத் தையல் கோப்பும் தரும். கற்றுக்கொள்ள முதலில் சிரமமாக இருக்கும். வாரம் இரண்டு மாலை ஒதுக்குங்கள். முதல் வேலையாகத் தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாக நீங்களே தைத்துச் சேர்த்து வையுங்கள். கோயில், தமிழ்ப்பள்ளி, சங்கம் எல்லாம் கேட்பது தமிழ் எழுத்துத்தானே. அந்தத் தொகுப்பு கையில் இருந்தால் பெயர் போடும் வேலைக்கு யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். சிக்கலான சாமி படம், சின்னம் மட்டும் வெளியில் போகட்டும்.

ஷாப்பியிலும் டெலிகிராமிலும் 50 வெள்ளிக்குக் கிடைக்கும் திருட்டுப் பிரதி பக்கம் போகாதீர்கள். சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். வங்கிக் கணக்கைத் திறக்கும் அதே கணினியில் யாரோ பூட்டை உடைத்த மென்பொருளை ஏற்றுவது பெரிய ஆபத்து.

அடுத்து, உங்கள் விலைப்பட்டியல். டிசைன் கூலியை நீங்களே தாங்குவதாகத் தெரிகிறது. அது கூடாது. முதல் முறை தைக்கும் டிசைனுக்கு ஒருமுறைக் கட்டணம் 40 வெள்ளி என்று தனியாகப் போடுங்கள். கோயில் இளைஞர் குழு 40 சட்டை கேட்டால் சட்டைக்கு ஒரு வெள்ளிதான் கூடுகிறது. அதற்காக யாரும் வேறு கடைக்குப் போக மாட்டார்கள். ஏழு டிசைனுக்கு 280 வெள்ளி வரும். 175 கூலி போக 105 மிச்சம். அதைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள்.

நம் ஊர்க்காரர் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாகக் கட்டித்தான் தோட்டமே வாங்கினார்கள். நீங்கள் சேர்க்கப் போவது அதைவிடக் கூட.

சாப்ட்வேர் எப்போது வாங்கலாம்? வெளியில் கொடுக்கும் டிசைன் கூலி தொடர்ந்து மூன்று மாதம் 450 வெள்ளியைத் தாண்டினால் வாங்குங்கள். ஒரு வருடத்தில் விலை திரும்பிவிடும். அப்போதும் உச்சப் பதிப்புக்கு நேரே போக வேண்டாம். எம்பிரில்லியன்ஸ் நிறுவனத்தின் ஸ்டிட்ச்-ஆர்டிஸ்ட் என்ற டிசைன் சாப்ட்வேர் மூன்று படிகளாக விற்கிறது. முதல் படியின் விலை மிகக் குறைவு. நவம்பர் கடைசியில் இந்த நிறுவனங்கள் பெரும்பாலும் தள்ளுபடி போடும். தீபாவளி ரவிக்கைப் பணம் கையில் இருக்கும் நேரமும் அதுதான்.

அப்புறம் இதையும் யோசியுங்கள். ஐந்து நிறச் சின்னத்தை 40 சட்டையில் தைக்க, ஒற்றை ஊசி மெஷினில் ஏறக்குறைய 200 முறை நூல் மாற்ற வேண்டும். உங்கள் நாளைத் தின்பது இதுதான். என்றாவது கடன் வாங்குவதாக இருந்தால் பல ஊசி மெஷினுக்கு வாங்குங்கள். ஒரு நாளில் தைக்கும் சட்டை கூடும், தவணை அதிலிருந்தே கட்டுப்படும். அரசின் சிறுதொழில் கடன் நிறுவனமான தெக்குனின் ஸ்பூமி கடன் திட்டம் இந்தியச் சிறுதொழிலருக்கு. சிறுகடன் தரும் அமானா இக்தியாரின் 'பெண்' திட்டம் 2024இல் இந்தியப் பெண்களுக்கென்றே வந்தது. சட்டவிரோத வட்டிக்காரரான ஆலோங்கிடம் மட்டும் எந்தக் காரணத்துக்கும் போகாதீர்கள். தொழிலை இன்னும் பதியவில்லை என்றால் எஸ்எஸ்எம் என்னும் நிறுவனப் பதிவு ஆணையத்தில் கடைப்பெயரோடு பதிய ஆண்டுக்கு 60 வெள்ளிதான். இந்த மாதமே செய்துவிடுங்கள்.

இந்த வாரம், அந்த 'ண்' எழுத்தை இங்க்ஸ்டிட்சில் நீங்களே வரைந்து, சுழிகளைக் கொஞ்சம் அகலமாகத் திறந்து, ஒரு பழைய டீ-சட்டையில் தைத்துப் பாருங்கள். தைத்ததும் படம் அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.