பாஸ்போர்ட் முடியப்போகும் நேரத்தில் ஊருக்குப் போய்த் திரும்புவது

அன்புள்ள தம்பிக்கு வணக்கம்.

எச்-1பி வேலை விசாவில் டாலஸ் வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது என்றும், வைகாசியில் தங்கையின் கல்யாணத்துக்காக மனைவி, குழந்தையுடன் திருநெல்வேலிக்குப் போய் மூன்று வாரம் இருந்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்றும், ஆனால் உங்கள் பாஸ்போர்ட் ஆகஸ்டு கடைசியில் முடிவதால் விமானத்தில் ஏற்றுவார்களா, அதை இங்கே புதுப்பிப்பதா ஊரில் புதுப்பிப்பதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் பதினெட்டு ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் இருக்கிறேன். இதே விஷயத்தில் எங்கள் குடும்பம் ஒருமுறை பட்டிருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

விமானத்தில் ஏற்றுவார்கள். இந்தியக் குடிமக்கள் இந்தியாவுக்குள் நுழைவதற்கு அன்றைய தேதியில் பாஸ்போர்ட் செல்லுபடியாக இருந்தால் போதும். திரும்பி வரும்போது, தங்கும் காலத்துக்கு மேல் ஆறு மாதம் பாஸ்போர்ட்டில் மிச்சம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் பொது விதி. ஆனால் சில நாடுகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு, அந்தப் பட்டியலில் இந்தியாவும் இருக்கிறது. விமான நிறுவனத்தின் கவுன்டரில் இருப்பவருக்கு இது நினைவில்லாமல் போகலாம் என்பதால், அந்தப் பட்டியலை அச்செடுத்துக் கையில் வைத்திருப்பது நல்லது. வழியில் துபாயில் வெளியே இறங்கி இரண்டு நாள் சுற்றிப் பார்க்கும் எண்ணம் இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். அங்கே ஆறு மாதம் கண்டிப்பாகக் கேட்பார்கள்.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அமெரிக்காவில் எதுவரை தங்கலாம் என்பதைத் தீர்மானிப்பது விசாவில் அச்சிட்டிருக்கும் தேதி என்றுதான் புதிதாக வருபவர்களில் பலர் நம்புகிறார்கள். விசா என்பது வாசல்வரை வருவதற்கான அனுமதி மட்டுமே. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதைச் சொல்வது ஒவ்வொரு முறை நுழையும்போதும் புதிதாகப் பதிவாகும் ஐ-94 என்ற வருகைப் பதிவு. உங்கள் எச்-1பி ஒப்புதல் இன்னும் ஒன்றரை ஆண்டுக்கு இருந்தாலும், நுழையும் நாளில் காட்டும் பாஸ்போர்ட் ஆகஸ்டு 28-இல் முடிகிறது என்றால், அதிகாரி உங்கள் ஐ-94-ஐயும் ஆகஸ்டு 28-உடன் நிறுத்திவிடலாம். பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள்.

எங்களுக்கு நடந்தது அதுதான். 2016 ஜனவரியில் சென்னையிலிருந்து திரும்பினோம். என் பாஸ்போர்ட்டுக்கு ஐந்து ஆண்டு மிச்சம் இருந்தது; மனைவியுடையது அக்டோபர் 14-இல் முடிவதாக இருந்தது. ஜூன் மாதமே அதைப் புதுப்பித்து, புதியது வந்ததும், வேலை முடிந்தது என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டோம். செப்டம்பரில் அவருடைய ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனபோது, கவுன்டரில் இருந்த அம்மையார் ஐ-94 தாளை எங்கள் பக்கம் திருப்பி, அதிலிருந்த தேதியின் கீழ் பேனா முனையை வைத்து, "இதற்கு மேல் என்னால் தர முடியாது" என்றார். அக்டோபர் 14, 2016. என்னுடையதில் 2018 என்று இருந்தது. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் ஐ-94 தானாக நீளாது என்பது அந்தக் கவுன்டரில் நின்றபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மிச்சம் இருந்தவை இருபத்து மூன்று நாட்கள்.

நாட்டைவிட்டு வெளியே போய்ப் புதிய பாஸ்போர்ட்டுடன் திரும்ப நுழைந்தால் புதிய தேதி கிடைத்துவிடும். ஆனால் அப்போது அவர் எட்டு மாதக் கர்ப்பிணி. வக்கீலைப் பிடித்து, தங்கும் காலத்தை நீட்டிக்கக் கேட்கும் ஐ-539 விண்ணப்பத்தை அவசர அவசரமாகத் தயாரித்து, அந்தத் தேதிக்கு முன்பே போய்ச் சேரும்படி அனுப்பினோம். கெடுவுக்குள் அனுப்பியதால் முடிவு வரும்வரை இங்கே தங்க முடிந்தது. ஆனால் உரிமம் இல்லாமல் அவரால் வண்டி ஓட்ட முடியவில்லை. பிரசவம்வரை ஒவ்வொரு பரிசோதனைக்கும் நான்தான் விடுப்பு எடுத்து அழைத்துப் போனேன். அந்த உரிமம் புதுப்பிக்கும் வேலையைத் தள்ளிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு. ஐ-94 தேதியைத் தாண்டித் தங்கினால் விசாவே செல்லாமல் போகும். 180 நாட்களைத் தாண்டிவிட்டு வெளியேறினால் மூன்று ஆண்டும், ஓராண்டைத் தாண்டினால் பத்தாண்டும் திரும்ப வர முடியாது.

ஆகவே, புறப்படும் முன் இங்கேயே புதுப்பித்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. முடிவதற்கு ஓராண்டு இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம்; கல்யாணத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அரசின் பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, ஆவணங்களோடு பழைய பாஸ்போர்ட்டையும் சேவை மையத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்பதால், புதியது கைக்கு வரும்வரை வெளிநாட்டுப் பயணம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். பழைய பாஸ்போர்ட்டை ரத்து செய்து திருப்பித் தருவார்கள். அதிலுள்ள அமெரிக்க விசாப் பக்கம் சேதமில்லாமல் இருக்கும்வரை அந்த விசா செல்லும். புதிய பாஸ்போர்ட்டையும் பழையதையும் சேர்த்துக் காட்டித்தான் நுழைய வேண்டும். பழையதைச் சூட்கேஸில் போட்டு செக்-இன் செய்துவிடாதீர்கள். டிக்கெட் ஏற்கெனவே எடுத்திருந்தால் புதிய எண்ணை அதில் மாற்றிவிடுங்கள்.

ஊரில் புதுப்பிக்கவே முடியாது என்று சொல்ல மாட்டேன். திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவா மையம் இருக்கிறது. வழக்கமான 1,500 ரூபாய்க்கு மேல் 2,000 ரூபாய் கட்டினால் தட்கலில் விரைவாகவும் கிடைக்கும். ஆனால் மூன்று வார விடுப்பில், நீங்கள் கல்யாண மண்டபத்தில் நிற்கும் நாளில் போலீஸ் விசாரணைக்கு வீட்டுக் கதவைத் தட்டினால், அல்லது ஏதோ ஒரு சான்று போதவில்லை என்று கோப்பு நின்றுவிட்டால், திரும்பும் டிக்கெட்டின் தேதி உங்களுக்காகக் காத்திருக்காது.

ஏதோ காரணத்தால் புதியது நேரத்துக்கு வராது என்று ஆகி, அதனால் விண்ணப்பிக்காமலே பழையதுடன் போக நேர்ந்தாலும், கல்யாணத்தைத் தவறவிட வேண்டாம். தேதி குறைத்துத்தான் கிடைக்கும் என்று தெரிந்தே வாருங்கள். வந்த வாரமே புதுப்பிக்க விண்ணப்பித்து, கம்பெனி வக்கீலிடமும் சொல்லிவிடுங்கள். உங்களுக்கான நீட்டிப்பைக் கம்பெனிதான் ஐ-129 என்ற விண்ணப்பம் மூலம் கேட்க வேண்டும். உங்கள் மனைவிக்கும் குழந்தைக்கும் அது தானாகப் பொருந்தாது. அவர்களுக்கும் தேவைப்பட்டால் தனியாக ஐ-539 போட வேண்டும்.

எந்தப் பாஸ்போர்ட்டில் வந்தாலும், இறங்கிய மறுநாளே அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் மூவரின் ஐ-94-ஐயும் தனித்தனியாக இறக்கிப் பாருங்கள். புதிய பாஸ்போர்ட்டைக் காட்டியும் தவறான தேதி பதிவாகியிருந்தால், அந்தத் துறையின் திருத்த அலுவலகங்கள் பெரிய விமான நிலையங்களில் இருக்கின்றன. அங்கே கேட்டுச் சரிசெய்யலாம்.

குழந்தையின் பாஸ்போர்ட்டைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. சிறு குழந்தைகளுக்கு ஐந்து ஆண்டுக்குத்தான் தருவார்கள். பிறந்த சில மாதங்களில் எடுத்ததாக இருந்தால், அதுவும் முடியும் தறுவாயில் இருக்கக்கூடும். இன்று இரவே எடுத்துப் பார்த்துவிட்டு, தேதியை எனக்கு எழுதுங்கள்.

தங்கைக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள்.