பல்கலைக்கழக நூலகத்தில் பகுதிநேர வேலைக்கு மாணவர்களை எடுக்கிறோம். அவர்களை எப்படித் தயார்படுத்துவது?

கேள்வி கேட்டவருக்கு அடுத்த செமஸ்டரில் எட்டு மாணவ உதவியாளர்கள் வருகிறார்களாம். பொறுப்பு அவர் தலையில் விழுந்திருக்கிறது. முதல் நாள் என்ன செய்வது, எத்தனை நாள் பயிற்சி, என்ன எழுதிக் கொடுப்பது என்று கேட்டிருக்கிறார்.

நானும் யாழ்ப்பாணத்தில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் நூலகத்தில்தான் வேலை செய்கிறேன். பெயர் வேண்டாம். கீழே வரும் கதைகளில் பாதி எங்கள் பிழைகள். ஒன்பது வருடமாக இந்தப் பிள்ளைகளை எடுத்து, பழக்கி, பரீட்சைக்கு லீவு கொடுத்து, பட்டமளிப்புக்குப் படம் எடுத்து அனுப்பி வைக்கிற வேலை என்னுடையது.

முதல் வருடம் நான் 42 ஸ்லைட் செய்தேன். நூலகத்தின் வரலாறு, பிரிவுகள், நேர அட்டவணை, தண்டப்பண விகிதம், ஒழுக்க விதிகள் எல்லாம் அதில் இருந்தன. பிள்ளைகள் காலை முழுக்கத் தலையாட்டினார்கள், மத்தியானம் கன்டீனில் சாப்பிட்டார்கள், சரி, முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலை இரண்டாம் வருடப் பிள்ளை ஒருவர் இரவல் வழங்கும் கருமபீடத்தில் இருந்தார். இறுதி வருட மாணவர் ஒருவர் மூன்று வாரம் தவணை கடந்த புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளை புத்தகத்தை வாங்கி, தண்டப்பணத்தை அழித்து, சிரித்து அனுப்பிவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"அக்கா, அவர் எங்கட சீனியர். காசு கட்டுங்கோ எண்டு நான் என்னெண்டு சொல்லுறது?"

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்டப்பணம் என்பது என் ஸ்லைட்டில் இருந்தது. அதை ஒரு சீனியரிடம் எந்த வாயால் கேட்பது என்பது இல்லை.

வெளியில் ஒரு கடையிலோ வங்கியிலோ வேலைக்குச் சேர்பவருக்கு எதிரே நிற்பவர் அந்நியர். மாணவ உதவியாளருக்கு அப்படி இல்லை. எதிரே நிற்பது அவருடைய பட்ச், விடுதி அறைத் தோழி, போன வருடம் நோட்ஸ் தந்த அண்ணா. பகிடிவதைக்கு எதிராக 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறதுதான். அதற்காக சீனியர் என்ற சொல்லைக் கேட்டதும் வயிற்றில் வருகிற அந்தக் கலக்கம் போய்விடுமா? ஆகவே என்னிடம் கேட்டால், இவர்களைப் பழக்குவது என்பது பெரும்பாலும் தெரிந்த முகத்துக்கு "இல்லை" சொல்லப் பழக்குவது. மற்றதெல்லாம் ஒரு வாரத்தில் தானாக வரும்.

இப்போது முதல் நாளில் நாடகம்தான். நான் சீனியராக வருவேன், தவணை கடந்த புத்தகத்தோடு. அப்புறம், வெளியே கொடுக்காத உசாத்துணைப் பகுதிப் புத்தகத்தை "ஒரு இரவுக்கு மட்டும்" கேட்கிற நண்பியாக, "இந்த விரிவுரையாளர் என்ன புத்தகம் எடுத்திருக்கிறார்?" என்று துருவுகிறவராக வருவேன். முதலில் சிரிப்பு அடங்காது. மூன்றாவது முறையில் அவரவர் வாயில் ஒரு வசனம் பிடிபட்டுவிடும். எங்களிடம் அதிகம் நிலைத்தது இது: "அண்ணா, என்ர கணக்கில அதை அழிக்க ஏலாது. மிஸ்ஸிட்ட ஒருக்கா கேளுங்கோ." பழியை என் தலையில் போட்டுவிட்டுப் பிள்ளை தப்பிவிடும். அதற்குத்தானே எனக்குச் சம்பளம்.

ஆனால் அந்த வசனம் உண்மையாகவும் இருக்க வேண்டும். பொய் என்று சீனியருக்கு இரண்டே நாளில் தெரிந்துவிடும். நாங்கள் பாவிப்பது கோஹா என்ற, நூலகங்களுக்கான கட்டற்ற மென்பொருள். அதில் ஒவ்வொருவருக்கும் அனுமதிகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கலாம். புத்தகம் கொடுக்கவும் திருப்பி எடுக்கவும் மட்டும் மாணவர் கணக்குக்கு அனுமதி இருந்தால் போதும். தண்டப்பணத்தை நீக்குவது, புதுப்பிப்பு எல்லையைத் தாண்டிக் கொடுப்பது, தடை இருப்பவருக்கு வற்புறுத்திப் புத்தகம் கொடுப்பது எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். உங்களிடம் வேறு மென்பொருள் இருந்தாலும் இதே வழிதான். நாங்கள் முதல் வருடம் சோம்பலில் நிரந்தர ஊழியர் ஒருவருடைய கடவுச்சொல்லையே எல்லாருக்கும் கொடுத்திருந்தோம். தண்டப்பணத்தை அழித்தது யார் என்று பதிவில் பார்த்தால் அன்றைக்கு லீவில் நின்ற ஊழியரின் பெயர் இருந்தது.

இதைவிடப் பெரிய பிழை ஒன்றும் நடந்தது. ஒரு மாணவர் கருமபீடத்துக்கு வந்து, முதலாம் வருடப் பிள்ளை ஒருவரின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டிருக்கிறார். "அவ புத்தகத்தை விட்டிட்டுப் போயிட்டா, குடுக்கோணும்" என்று சாட்டு. எங்கள் உதவியாளர் நல்ல மனதோடு அங்கத்தவர் பதிவைத் திறந்து கொடுத்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து அந்தப் பிள்ளை அழுதுகொண்டு வந்தபோதுதான் எங்களுக்குத் தெரியும். கொடுத்த தம்பியைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. அங்கத்தவர் பதிவில் இருப்பது இன்னொருவருடைய சொத்து என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று நீட்டி முழக்க வேண்டியதில்லை. இந்தக் கதையை, ஆட்களை அடையாளம் காட்டாமல், அப்படியே சொல்கிறேன். பிறகு ஒரே ஒரு விதி: யாராவது யாரையாவது தேடினால், "உங்கட இலக்கத்தைத் தாங்கோ, நாங்கள் அவவுக்குச் சொல்லுறம்." இலக்கம் உள்ளே வரலாம், வெளியே போகாது.

சரி, இவை வந்த பிறகு செய்ய வேண்டியவை. வருவதற்கு முன்னால் செய்ய வேண்டியதை ஒருவரும் ஒழுங்காகச் செய்வதில்லை. ஒரு வருடம் எங்களிடம் ஆறு பேர் வந்தார்கள், கதிரை நாலு. ஒரு தம்பிக்குக் கணினிக் கணக்கு திறக்கவில்லை, பெயர் அட்டை அச்சாகவில்லை, அலுமாரித் திறப்பு எங்கே என்று அவரைக் கூட்டிப் போனவருக்கே தெரியவில்லை. அந்தத் தம்பி இரண்டு மணித்தியாலம் வாசிப்பு மேசையில் பேப்பர் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். அடுத்த வாரம் வரவில்லை. எட்டுப் பேர் என்றால் எட்டுக் கணக்கு, எட்டு அட்டை, எட்டுப் பேர் பை வைக்க ஓர் இடம் எல்லாம் அவர்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே கையில் இருக்க வேண்டும்.

காசு விஷயத்தைத் தள்ளிப் போடாதீர்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல உதவித்தொகை மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆனது. அறை வாடகை, சாப்பாடு, போட்டோக்கொப்பி என்று பார்த்தால் அது எந்த மூலைக்கு? உங்களிடம் வருகிற பிள்ளை பெரும்பாலும் அனுபவத்துக்காக வருவதில்லை. எங்களிடம் ஒரு முறை, வங்கிப் புத்தகப் பிரதியும் துறைத்தலைவரின் கடிதமும் இணைக்காததால் வவுச்சர் திரும்பித் திரும்பி வந்து, முதல் கொடுப்பனவு மூன்றாம் மாதம்தான் போனது. அதுவரை ஒரு பிள்ளை பஸ் காசைத் தோழியிடம் கடன் வாங்கியிருக்கிறார். எங்களிடம் ஒரு சொல் கேட்கவில்லை. வெட்கம். இப்போது சேரும் நாளிலேயே அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகப் பிரதி, கடிதம் மூன்றையும் வாங்கிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவேன். மணித்தியாலத்துக்கு எவ்வளவு, எந்தத் திகதியில் வரும், வராவிட்டால் யாரிடம் கேட்பது என்பதை எழுத்தில் கொடுத்துவிடுவேன். வரவு இடாப்பில் கையொப்பமிட மறந்தால் அந்த நேரத்துக்குக் காசு இல்லை என்பதும் அதில் இருக்கும்.

இனி வேலை. றாக்கையில் புத்தகம் அடுக்குவது லேசான வேலை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஏ.எல்லில் கணிதம் படித்து வந்த பிள்ளைகூட இங்கே வழுக்கும். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பில் தமிழ் நாவலுக்கு 894.8113, மலையாள இலக்கியத்துக்கு 894.812. எது முன்னால்? புதிதாக வருபவர்களில் பலர் 812 சின்னது, 8113 பெரியது என்று மலையாளத்தை முன்னுக்கு வைப்பார்கள். புள்ளிக்குப் பிறகு வருவதை ஒரு முழு எண்ணாக வாசிப்பதால் வருகிற பிழை இது. அகராதி பார்ப்பதுபோல புள்ளிக்குப் பிறகு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட வேண்டும்: முதலில் 8க்கு 8, அடுத்து 1க்கு 1, மூன்றாவது இடத்தில் 1க்குப் பிறகுதான் 2. ஆகவே தமிழ் நாவல் முன்னால், மலையாளம் பின்னால். தப்பான இடத்தில் வைத்த புத்தகம் தொலைந்த புத்தகம்தான். கணினி "இருக்கிறது" என்று சொல்லும், கைக்கு அகப்படாது.

இதற்கு விரிவுரை வேண்டாம். பழைய பட்டியல் அட்டைகளில் 60 எடுத்து, கலைத்து, இருவர் இருவராக அடுக்கச் சொல்வேன். பிழை வந்தால் திருத்த மாட்டேன், "இதில் மூன்று பிழை இருக்கு, கண்டுபிடியுங்கோ" என்று விட்டுவிடுவேன். அரை மணித்தியாலம் போதும்.

தமிழ் வரிசை இன்னொரு தலையிடி. அகராதியில் ன கடைசி மெய், அதற்குப் பிறகுதான் ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம். கணினி எழுத்துகளுக்குக் கொடுக்கிற யூனிகோட் எண் வரிசையிலோ ச-வுக்கு அடுத்து ஜ வந்துவிடும், ந-வுக்கு அடுத்து ன வந்துவிடும். அந்த வரிசையில் அச்சடித்த பட்டியலைக் கையில் கொடுத்து, அகராதி வரிசையில் இருக்கிற றாக்கைக்கு அனுப்பினால் பிள்ளை சுற்றிக்கொண்டே நிற்கும். தமிழ்ப் பெயரில் முன்னால் நிற்பது தகப்பனின் முதலெழுத்து என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த எழுத்தை வைத்து அடுக்கினால் அண்ணன் தங்கை எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள், தேடுகிற ஆள் அகப்படமாட்டார்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் முதல் நாளே காட்டுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது எங்களைக் காப்பாற்றியது ஒரு சி.ஆர். கொப்பி, தடித்த அட்டை போட்ட கொப்பி. அங்கத்தவர் இலக்கம், புத்தகத்தின் பதிவிலக்கம், நேரம் என்று மூன்று நிரல். கரண்ட் வந்ததும் கணினியில் ஏற்றிவிட்டு ஒரு கோடு. அந்தக் கொப்பி இன்னும் கருமபீடத்து லாச்சிக்குள்தான் இருக்கிறது.

நேர அட்டவணையைப் பற்றிச் சுருக்கமாக. முதலில் அவர்களுடைய விரிவுரை அட்டவணையை வாங்குங்கள், பிறகு உங்களுடையதைப் போடுங்கள். பரீட்சைக்கு இருக்க 80 சதவீத வரவு கேட்கிற இடங்களில், உங்கள் வேலைக்காக ஒரு பிள்ளை விரிவுரையைத் தவற விட்டால் அந்தப் பாவம் உங்களுக்கு. ஒரு முறைக்கு இரண்டு மணித்தியாலம், வாரத்துக்கு எட்டுக்கு மேல் நான் கொடுப்பதில்லை. பருத்தித்துறைப் பக்கம் போகிற பிள்ளைக்கு மாலைக் கடமை போடும்போது கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலடி வீதிகள் மூடியிருக்கும், சைக்கிளில் வருகிறவர் சுற்றித்தான் வர வேண்டும், பத்து நிமிடம் பிந்தினால் முகத்தைச் சுளிக்காதீர்கள். தேர் அன்றைக்கு ஆள் கிடைக்காது. நானே வரமாட்டேன். பரீட்சைக்கு முந்திய படிப்பு விடுமுறையில்தான் நூலகத்தில் சனம் கூட, அப்போதுதான் உங்கள் உதவியாளருக்கும் படிப்பு. அந்த வாரங்களை நிரந்தர ஊழியர்களை வைத்துச் சமாளிக்க இப்போதே திட்டம் போடுங்கள்.

தென்பகுதிப் பிள்ளைகளும் படிக்கிற இடமென்றால் எட்டுப் பேரில் ஒருவராவது சிங்களம் பேசுபவராக இருக்கட்டும். எங்களிடம் இருந்த குருநாகல் பிள்ளை ஒருவர், கருமபீடத்தில் அடிக்கடி வேண்டிய பன்னிரண்டு வசனங்களைத் தமிழ் எழுத்தில் சிங்கள உச்சரிப்போடு எழுதி ஒட்டிவிட்டுப் போனார். மறுபுறத்தில் தமிழ் வசனங்கள் சிங்கள எழுத்தில். அவர் பட்டம் பெற்றுப் போய்விட்டார், தாள் மங்கிவிட்டது, இரண்டு முறை பிரதி எடுத்தாயிற்று.

எத்தனை நாள் பயிற்சி என்று கேட்டீர்கள். முதல் நாள் அரை நாள்: படிவம், நாடகம், அட்டை அடுக்கல். அடுத்த இரண்டு வாரம் பழைய உதவியாளர் ஒருவரின் பக்கத்தில் கதிரை போட்டு இருத்துங்கள். நிரந்தர ஊழியர் பக்கத்தில் வேண்டாம், கேள்வி கேட்கக் கூச்சப்படுவார்கள். மூன்றாம் வாரம் எல்லாரையும் கூப்பிட்டு, பிளேன்ரீயும் வடையும் வாங்கிக் கொடுத்து, "இந்த மூன்று கிழமையில ஆருக்கு இல்லை எண்டு சொல்லக் கஷ்டமா இருந்தது?" என்று கேளுங்கள். முதலில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். வடை முடிகிற நேரத்தில் யாராவது ஒருவர் தொடங்குவார். நீங்கள் கொப்பியும் பேனையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருட நாடகத்துக்கு வேண்டிய காட்சிகளை எனக்கு அங்கேதான் எழுதித் தருகிறார்கள்.