வீட்டுப் பழுது வேலைகளுக்கான புக்கிங் ஆப்பை எளிதாக்க எங்கிருந்து தொடங்குவது?

பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஏசி சர்வீஸ் புக் செய்யும் ஆப்பும் இணையதளமும் வைத்திருக்கிறீர்கள். புது நிறம், புது ஐகான் எல்லாம் போட்டாயிற்று. ஆனாலும் பலர் பாதியில் விட்டுவிட்டுப் போன் செய்துதான் ஆள் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்தப் போன் அழைப்புகளிலிருந்தே தொடங்குங்கள். சென்னையில் இப்படி ஒரு சேவையின் ஆப்பை மாற்றி வடிவமைக்கும் வேலையில் நான் இருந்தேன். முதல் பத்து நாள் ஒரு திரைகூட வரையவில்லை. அழைப்புகளை எடுக்கும் அக்காவின் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்து, மக்கள் சொல்லும் முதல் வாக்கியத்தை மட்டும் எழுதிக்கொண்டேன். "பிளம்பிங் சேவை வேண்டும்" என்று யாருமே சொல்லவில்லை. "தம்பி யாராவது இருந்தா அனுப்பும்மா, மோட்டார் போட்டா உர்ருனு சத்தம்தான் வருது, தண்ணி ஏற மாட்டேங்குது" என்றார்கள். "சிங்க்ல தண்ணி நிக்குது" என்றார்கள்.

எங்கள் பழைய ஆப்போ, முதல் திரையிலேயே பிளம்பரா எலக்ட்ரீஷியனா என்று கேட்டது. மோட்டார் பழுது யாருடைய வேலை? மோட்டார் உறுமிக்கொண்டே சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் அதைச் சுற்றத் தொடங்க வைக்கும் கெப்பாசிட்டர் போயிருக்கும், எலக்ட்ரீஷியன் வேண்டும். நன்றாக ஓடியும் தண்ணீர் ஏறவில்லை என்றால் உறிஞ்சும் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு கசிந்து காற்று புகுந்திருக்கலாம், அதற்கு பிளம்பர். இது அந்த அக்காவுக்குத் தெரியும். "சத்தம் வருதாம்மா?" என்று ஒரே கேள்வி கேட்டு, சரியான ஆளை அனுப்பிவிடுவார். ஆப்பில் அந்தக் கேள்வி இல்லை. தவறான ஆள் போய்த் திரும்பினால் வாடிக்கையாளருக்கு ஒரு நாள் போகிறது, தொழிலாளிக்குப் பெட்ரோல் போகிறது.

ஆகவே முதல் திரையில் சேவைகளின் பெயரை எடுத்துவிட்டு, பிரச்சினைகளை மக்கள் சொல்லும் சொல்லிலேயே வையுங்கள்: குழாய் ஒழுகுது, மோட்டார் ஓடல, ஃபேன் மெதுவா சுத்துது, ஏசி கூலிங் வரல. ஏசியில் இது பணத்தையும் தொடும் விஷயம். "கேஸ் ஃபில்லிங்" என்று ஒரு பட்டன் இருந்தால், ஃபில்டரைக் கழுவினாலே சரியாகிவிடும் ஏசிக்கும் கேஸ் நிரப்பத்தான் புக் செய்வார்கள். என்ன வைத்தியம் என்பதை வந்து பார்ப்பவர் சொல்லட்டும்.

தேடும் பெட்டியிலும் இதே கதைதான். நம் ஆட்கள் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவார்கள். குழாயின் ழ-வுக்கு ஒருவர் இசட், எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். இரண்டுக்கும் விடை வர வேண்டும்.

இன்னொன்று. சாப்பாடு ஆர்டர் செய்யும் ஆப்பை வாரத்தில் நான்கு முறை திறப்பவர், உங்கள் ஆப்பை ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் திறப்பார். ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுசு. போகப் போகப் பழகிவிடுவார்கள் என்ற கணக்கு இங்கே செல்லாது. அதனால்தான் இணையதளத்தில் வருபவரை ஆப்பை இறக்கச் சொல்லி மறிப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். லாகின் இல்லாமல் அங்கேயே புக் செய்ய விடுங்கள். ஓடிபியை நேரம் உறுதியாகும்போது கேட்டால் போதும்.

பணத்தை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வந்து பார்க்க எவ்வளவு, வேலை செய்தால் அந்தத் தொகை கழியுமா, உதிரிப் பொருள் தனியா என்பது பிரச்சினையைத் தேர்ந்தெடுத்த உடனே தெரிய வேண்டும். கடைசித் திரையில் கட்டணத்தைக் கூட்டுவதையும், கேட்காமலே கூடுதல் சேவையைக் கூடையில் சேர்ப்பதையும், 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் ஏமாற்று வடிவமைப்புகளாகவே பட்டியலிடுகின்றன. அதில் மொத்தம் 13 வகைகள் உண்டு. ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு உங்கள் திரைகளைப் பாருங்கள்.

முகவரித் திரைதான் எங்களை அதிகம் படுத்தியது. சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய எண்ணும் புதிய எண்ணும் இருக்கும். எங்கள் படிவத்தில் இருந்தது ஒரே கட்டம். அது போக, மடிப்பாக்கத்தில் இருக்கும் அம்மாவுக்காகப் பெங்களூரில் இருக்கும் மகன் புக் செய்கிறார். ஆப் அவருடைய போன் இருக்கும் இடத்தை எடுத்துக்கொண்டு, "உங்கள் பகுதியில் சேவை இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டது. நாங்கள் "வேலை எந்த வீட்டில்?" என்று முதலில் கேட்டோம். வீட்டில் இருப்பவரின் எண்ணைத் தனியாக வாங்கினோம். "பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ச் சந்து" என்று எழுத ஒரு பெரிய கட்டம் கொடுத்தோம், குரலிலும் சொல்லலாம் என்று வைத்தோம். 'எங்கே இருக்கீங்க' என்று கேட்டு வரும் அழைப்புகள் அதன் பிறகு கண்ணுக்குத் தெரியக் குறைந்தன.

தமிழ்த் திரைகளைத் தமிழிலேயே வரையுங்கள். ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் முடியும் பட்டன் "முன்பதிவு செய்க" என்று நீளும். வரி இடைவெளி குறைந்தால் 'கீ'யின் மேல் சுழியும் 'மூ'வின் கீழ் வளைவும் வெட்டுப்படும். பட்டன் அளவுக்கு ஆண்ட்ராய்டு சொல்லும் 48 டிபி (திரையில் அளவைக் குறிக்கும் அலகு), எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வெளிச்ச மாறுபாடு, இரண்டையும் விட்டுக்கொடுக்காதீர்கள். வயதானவர்கள்தான் இதில் முதலில் தடுமாறுவார்கள்.

சோதனைக்குப் பெரிய செலவு வேண்டாம். ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான கோளாறுகள் வெளிவந்துவிடும் என்று பயன்பாட்டு எளிமை பற்றி ஆராயும் நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-லேயே எழுதினார். ஆனால் "பிளம்பரை புக் செய்யுங்கள்" என்று சொல்லிப் போனைக் கொடுக்காதீர்கள். சொன்னால் அவர் அந்தச் சொல்லைத்தான் திரையில் தேடுவார். "பாத்ரூம்ல தண்ணி போகல, என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

அப்புறம், ஒரு நாள் உங்கள் பிளம்பர் ஒருவரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போங்கள். நான் போனேன். ஈரக் கையோடு நின்றவர், "வேலை முடிந்தது" பட்டனை அழுத்த முடியாமல், "அம்மா, கொஞ்சம் இதைத் தட்டிவிடுங்க" என்று வாடிக்கையாளரிடமே போனை நீட்டினார். அந்தப் பட்டனை அன்று இரவே திரையின் அடிப்பாதி முழுக்க வரும்படி மாற்றினேன்.