ரிப்போர்ட் எல்லாம் நார்மல், ஆனால் செவ்வாய் ராத்திரி நெஞ்சு அடைக்கிறது

கேள்வி: எனக்கு வயது 46. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். மகள் கல்யாணத்துக்காக இரண்டு குழுக் கடன் வாங்கினேன். புதன்கிழமை தவணை கட்ட வேண்டும். செவ்வாய் ராத்திரி ஆனாலே படபடப்பு வந்துவிடுகிறது. மூச்சு முழுசாக உள்ளே போகமாட்டேன் என்கிறது. விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகிறது. மூன்று மணிக்கு விழித்தால் அப்புறம் தூக்கமில்லை. வயிறும் எப்போதும் எரிகிறது. ஈசிஜி, எக்கோ, டிரெட்மில், சுகர், தைராய்டு எல்லாம் பார்த்தோம், நார்மல். "ஒன்றுமில்லை, டென்ஷன்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து நான் நடிக்கிறேன் என்று கணவர் சொல்கிறார். கவலையால் இவ்வளவு வருமா டாக்டர்?

பதில்: வரும், சகோதரி. நீங்கள் நடிக்கவில்லை. பரிசோதனைகள் நார்மல் என்றால், இதயத்தில் பெரிய கோளாறு இருப்பதற்கான அடையாளம் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். உங்கள் உடம்பில் எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. "ஒன்றுமில்லை" என்ற ஒரே சொல்லோடு நோயாளியை அனுப்பி வைப்பது எங்கள் தொழிலில் நடக்கும் பெரிய தவறு. அதன் விலையை வீட்டில் நீங்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

விரல் மரத்துப்போவதையே எடுத்துக்கொள்வோம். பயம் வந்தால் மூச்சு நமக்குத் தெரியாமலே வேகமாகும். அப்போது ரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியே போய்விடும். ரத்தத்தின் காரத்தன்மை கொஞ்சம் ஏறும், நரம்புகளுக்குக் கிடைக்கும் கால்சியம் குறையும். உடனே விரல் நுனியிலும் உதட்டிலும் ஊசி குத்துவது போல இருக்கும், தலை கிறுகிறுக்கும். மூச்சு போதவில்லை என்று தோன்றுவதால் இன்னும் வேகமாக இழுப்போம், மரத்துப்போவது இன்னும் கூடும். இதே புகாரோடு வந்த ஓர் ஆட்டோ ஓட்டுநரை என் எதிரில் உட்காரவைத்து வேகமாக மூச்சு விடச் சொன்னேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, "இதேதான் சார், இதேதான்" என்று விரல்களை உதறினார். மாரடைப்பு என்று நினைத்து ஆறு மாதம் பயந்துகொண்டிருந்தவர் அவர். (இதை வீட்டில் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம்.)

படபடப்புக்குக் காரணம் அட்ரினலின் என்ற ஹார்மோன். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சுரப்பிகளிலிருந்து அது வருகிறது. நாய் துரத்தினால் ஓடுவதற்காக உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு அது. நாய் போனதும் அடங்கிவிடும். தவணை அப்படிப் போவதில்லை, வாரா வாரம் வருகிறது. அதே சுரப்பிகளிலிருந்து வரும் கார்டிசால் என்ற ஹார்மோனும் அடங்காமல் இருந்தால் தூக்கம் கெடும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மெல்ல ஏறும், காயம் ஆறுவதுகூடத் தாமதமாகும். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 1995-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மறதி நோய் வந்த உறவினரை வீட்டில் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு, கையில் செய்த ஒரு சிறு காயம் ஆற மற்றவர்களைவிட சுமார் 9 நாள் கூடுதலாக ஆனது.

வயிற்றுக்கு வருகிறேன். பயந்தால் "வயிற்றில் புளியைக் கரைக்கிறது" என்கிறோம். உடம்புக்குள் நடப்பதை அறிந்து சொன்ன பேச்சு அது. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வால்டர் கேனன் என்ற ஆய்வாளர், எக்ஸ்ரே வந்த புதிதில், பூனையின் இரைப்பை அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டதும் அந்த அசைவு அப்படியே நின்றுபோனது. ஆனால் உங்கள் எரிச்சல் முழுவதையும் கவலையின் தலையில் கட்ட எனக்கு மனமில்லை. இரைப்பைப் புண்ணுக்கு ஹெலிகோபாக்டர் என்ற கிருமி முக்கியக் காரணம். அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. தையல் மிஷினில் குனிந்தே இருப்பவர்கள் பலர் கழுத்து வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கி, சாப்பாட்டுக்குப் பதில் டீயைக் குடித்துவிட்டுப் போட்டுக்கொள்கிறார்கள். அதுவும் வயிற்றை எரிக்கும். நீங்களும் அப்படிச் செய்தால் இன்றே நிறுத்துங்கள். இரண்டு வாரத்தில் எரிச்சல் அடங்காவிட்டாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ டாக்டரைப் பாருங்கள்.

பார்த்ததாக நீங்கள் சொன்ன பரிசோதனைகளில் ஹீமோகுளோபின் இல்லை. இந்த வயதில் மாதவிலக்கு அதிகமாகப் போய் ரத்தசோகை வருவது சகஜம். அதிலும் படபடப்பும் மூச்சிரைப்பும் வரும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பிடாமல் படுக்காதீர்கள். படபடப்பு தொடங்கினால் ஒரு கையை வயிற்றில் வையுங்கள். நெஞ்சைத் தூக்காமல், வயிறு உயரும்படி, 4 எண்ணி மூச்சை இழுத்து 6 எண்ணி விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்வார்கள், வேண்டாம். அக்கம்பக்கத்தில் யாராவது தரும் தூக்க மாத்திரையும் வேண்டாம். மாதக்கணக்கில் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள், இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி-மனாஸ்) எந்த நேரத்திலும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

நடக்கும்போதோ படி ஏறும்போதோ நெஞ்சை அழுத்தினால், வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், டென்ஷன் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

இனி கடன். மருத்துவர் இதைப் பேசலாமா என்று நினைக்காதீர்கள், உங்கள் நோயின் பாதி அங்கேதான் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த விதிப்படி, இப்படிப்பட்ட சிறுகடனுக்குக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்காகத் தொடர்பு கொள்ளக் கூடாது, மிரட்டவும் கூடாது. எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கவும் கூடாது. தவணைக் காலத்தை நீட்டித் தர முடியுமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். கடன் பாஸ்புக்கை எடுத்துக் கணவரோடு ஒரு பகல் நேரம் உட்காருங்கள், செவ்வாய் ராத்திரி வேண்டாம். ஹீமோகுளோபின் பார்க்கப் போகும்போதும் அவரைக் கூட்டிப் போங்கள். விரல் ஏன் மரத்துப்போகிறது என்று டாக்டர் வாயாலேயே அவர் கேட்கட்டும்.