கற்றல் குறைபாடு உள்ள என் மகன் தினமும் ஏதாவது ஒரு நோட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறான். அவனை எப்படிப் பழக்குவது?

என் மகளுக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்துகளைப் படிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடு, இருப்பது நான்காம் வகுப்பில் தெரிந்தது. இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அதற்கு முன்பு அவள் வாங்கிய திட்டுகளில் பாதி புத்தகப் பையால் வந்தவை. நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

ஒருநாள் இரவு, அவள் பை அடுக்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் பார்த்தேன். எல்லா நோட்டுக்கும் ஒரே பழுப்பு அட்டை. ஒவ்வொன்றாக எடுத்து, லேபிளை எழுத்துக்கூட்டிப் படித்து, டைம் டேபிளைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் எந்தப் பாடத்தைத் தேடினாள் என்பதே மறந்துபோகிறது. எனக்கு இரண்டு நிமிட வேலை. அவளுக்கு அது தினமும் ஒரு வாசிப்புத் தேர்வு!

மறுநாளே நோட்டுகளின் முதுகில் கலர் டேப் ஒட்டினோம். தமிழ் சிவப்பு, கணக்கு நீலம், அறிவியல் பச்சை. நிறங்களை அவளே தேர்ந்தெடுத்தாள். இதை நீங்களும் மகனிடமே விடுங்கள். டைம் டேபிளையும் எழுத்தில்லாமல் நிறக் கட்டங்களாக வரைந்து, பை வைக்கும் இடத்தில் அவள் கண் உயரத்துக்கு ஒட்டினோம். பள்ளியில் முதலில் தயங்கினார்கள். அட்டை மாறாது, முதுகில் மட்டும்தான் டேப் என்று விளக்கியதும் வகுப்பாசிரியை சம்மதித்தார்.

பை அடுக்குவது இரவுச் சாப்பாட்டுக்கு முன்புதான், காலை அவசரத்தில் கூடவே கூடாது. முதல் மாதம் நானும் சேர்ந்து அடுக்கினேன். பிறகு பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அதற்கும் பிறகு, அடுப்படியிலிருந்தே "சிவப்பு எடுத்தாயா?" என்று ஒரு குரல். இப்படி நான் விலகி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஒவ்வொரு நீண்ட விடுமுறைக்குப் பிறகும் பழக்கம் கலைந்துபோகும், மறுபடி முதலிலிருந்து. தயவுசெய்து இரண்டு வாரத்தில் கைவிட்டுவிடாதீர்கள்.

வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையிலிருந்து டைரியில் எழுதி முடிப்பதற்குள் பலகையை அழித்துவிடுவார்கள். பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் டைரியைப் பார்த்து எழுத ஐந்து நிமிடம் தரச் சொல்லிக் கேட்டோம், கிடைத்தது. கேட்கக் கூச்சப்படாதீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் கற்றல் குறைபாடும் இருக்கிறது. உங்கள் மகனுக்காக நீங்கள் கேட்பது சலுகைப் பிச்சை ஆகாது.

தண்ணீர் பாட்டிலை மட்டும் என் மகள் இப்போதும் அடிக்கடி வகுப்பிலேயே விட்டுவிட்டு வருகிறாள். அதற்கு யாரிடமாவது வழி இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.